வண்டியின் ஜாதகம்

புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதை முதலில் இருக்கன்குடிக்கு ஓட்டிச் செல்வார்கள். மாரியம்மன் சந்நிதியில் மாலை சாற்றி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் அது வீட்டு வண்டியாகிறது. நல்ல வழக்கம்தான், இதற்கு நான் யாதொரு ஆட்சேபமும் சொல்ல வரவில்லை. ஆனால் அம்மனிடம் ஒப்படைத்த வண்டியைப் பற்றி அதைச் செய்த கம்பெனியிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றுகிறது? கேள்வி இதுதான்: "இந்த வண்டியை விற்ற பிற்பாடு இதில் ஏதேனும் குறை இருப்பதாக நீங்கள் கண்டுபிடித்தீர்களா? கண்டுபிடித்திருந்தால், சரிசெய்து கொடுப்பதற்காக இதை அழைத்தீர்களா?"

கம்பெனிகள் அப்படி அழைக்கிறதுண்டு. ஆங்கிலத்தில் இதற்கு 'ரீகால்' என்று பெயர். நம் பத்திரிகைகளில் இச்செய்தி வரும்போது, இத்தனை ஆயிரம் வண்டிகளைக் கம்பெனி 'திரும்பப் பெறுகிறது' என்று தலைப்பிடுகிறார்கள். சொற்களோடு அன்றாடம் மல்லுக்கு நிற்கிறவன் என்ற முறையில் இந்தத் தலைப்பு எனக்குப் பிடிப்பதில்லை. திரும்பப் பெறுவது என்றால், பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்வது என்று சாதாரண ஜனங்கள் அர்த்தம் செய்துகொள்கிறார்கள். சிலருக்கு வண்டி பறிபோய்விடுமோ என்ற பயம். சிலருக்குப் புது வண்டி கிடைக்கப்போகிறது என்ற ஆசை. இரண்டுமே வீண். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், வண்டியை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, சந்தேகத்துக்குரிய உறுப்பைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 'திரும்ப அழைக்கிறது' என்று எழுதினால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

நம் சென்னையிலேயே செய்யப்படும் ஒரு வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2021-ஆம் வருஷம் மே மாதத்தில் ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தார்கள். புல்லட் 350, கிளாசிக் 350, மீட்டியார் 350 ஆகிய மூன்று ஜாதி வண்டிகள். இந்தியாவில் மட்டுமல்ல, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து தேசங்களில் விற்கப்பட்டவையும் சேர்த்தி. குறை எங்கே என்றால் 'இக்னிஷன் காயில்' என்னும் சிறு உறுப்பில். பாட்டரியில் இருப்பது 12 வோல்ட்டு மின்சாரம். அது பிளக்கின் முனையில் பொறியாகத் தாவ வேண்டுமானால் பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருக வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் காயில். இரண்டு கம்பிச் சுருள்களும் அவற்றைப் பிரித்துவைக்கும் மின்காப்புப் பூச்சுமே அதன் சரீரம். அது பழுதானால் இஞ்ஜின் விட்டுவிட்டு அடிக்கும். இழுக்கும் சக்தி குறையும். அபூர்வமாகச் சில வண்டிகளில் மின் கசிவும் நேரலாம். லாரிக்கு முன்னால் முந்திச் செல்கிற வண்டி பாதி வழியில் சக்தி இழந்து நின்றால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இத்தனை லட்சம் வண்டிகளும் கெட்ட வண்டிகளா? இல்லை. நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே உறுப்பை மாற்ற வேண்டியிருக்கும் என்று கம்பெனியாரே அப்போது மதிப்பிட்டார்கள். பின் ஏன் எல்லாவற்றையும் அழைக்க வேண்டும்? வெளியிலிருந்து தருவித்த சரக்கில் 2020 டிசம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை வந்த சில தொகுதிகளில்தான் குறை இருந்தது. ஆனால் எந்தக் காயில் எந்த வண்டியில் ஏறிற்று என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சிவகாசிக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு நாள் லேபிள் அச்சடிக்கும்போது தட்டு அரை நூல் விலகிவிட்டால், அன்று அச்சான தாள்களில்தான் பூச்சட்டியின் நெருப்பு சட்டிக்கு வெளியே நிற்கும். நேற்று அடித்ததற்கும் நாளை அடிக்கப்போவதற்கும் தோஷமில்லை. அந்த ஒரு நாள் கட்டு எந்தெந்தக் கடைக்குப் போயிற்று என்று தெரியாவிட்டால் எல்லாக் கடைகளிலும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆகவே ஒரு வண்டியின் குறை என்பது பல சமயங்களில் அதன் பெயரைப் பொறுத்ததல்ல, பிறந்த தேதியைப் பொறுத்தது. நம்மவர்கள் ஜாதகம் பார்க்காமல் ஒரு காரியமும் செய்வதில்லை என்று சீர்திருத்தக்காரர்கள் பரிகசிப்பார்கள். மனிதருக்கு எப்படியோ, மோட்டார் சைக்கிளுக்கு ஜாதகம் மெய்யாகவே பலிக்கிறது! அதே கம்பெனியின் கிளாசிக் 350 வண்டிகளில் 26,300, அவ்வருஷ டிசம்பரில் மறுபடியும் அழைக்கப்பட்டன. அவை 2021 செப்டம்பர் 1-ஆம் தேதிக்கும் டிசம்பர் 5-ஆம் தேதிக்கும் இடையில் பிறந்தவை. பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ளவை மட்டும். பிரேக்கை மிதிக்கும்போது டிரம்மின் மூடித்தகடு சக்கரத்தோடு கூடவே சுழலப் பார்க்கும். அப்படிச் சுழலாதபடி அதைச் சட்டத்தோடு பிணைத்து நிறுத்தும் சிறு கொண்டி ஒன்று உண்டு. மிகுந்த பலத்தோடு மிதித்தால் அந்தக் கொண்டி சேதமாகலாம் என்று கண்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 2019 மார்ச் 20 முதல் ஏப்ரல் 30 வரை செய்யப்பட்ட சுமார் 7,000 புல்லட்டுகளில் முன் பிரேக்கின் ஒரு போல்ட்டை மாற்ற வேண்டியிருந்தது. ஹோண்டாவில் 2018 பிப்ரவரி 7 முதல் மார்ச் 16 வரை வெளிவந்த ஆக்டிவா 125, கிரேசியா, ஏவியேட்டர் ஸ்கூட்டர்கள் 56,194-க்கு முன் ஃபோர்க்கில் ஒரு போல்ட்டு. யமஹா கம்பெனியார் 2024 பிப்ரவரியில் ஏறக்குறைய மூன்று லட்சம் ஸ்கூட்டர்களை முன் பிரேக் லீவருக்காக அழைத்தார்கள். அவை 2022 ஜனவரி முதல் இரண்டு வருஷங்களில் பிறந்தவை. ஒரு போல்ட்டு, ஒரு கொண்டி, ஒரு லீவர். பெண்களும் குழந்தைகளும் ஏறிச் செல்லும் வண்டியின் க்ஷேமம் இம்மாதிரி அற்ப சாமான்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த ஜாதகத்தை எங்கே பார்ப்பது? ஆர்.சி. புத்தகத்தில் வண்டி செய்யப்பட்ட மாதமும் வருஷமும் போட்டிருக்கும். கூடவே சேஸிஸ் நம்பர் என்று பதினேழு எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட இலக்கம் இருக்கும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் ஹேண்டில் பாருக்குக் கீழே, கழுத்துக் குழாயில் அதே இலக்கம் செதுக்கப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள பள்ளிப் பையனைக் கூப்பிட்டு, ஒரு ஈரத் துணியால் அந்த இடத்தைத் துடைத்து, புத்தகத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவனுக்கு அது ஒரு விளையாட்டு. உங்களுக்குத் திருட்டு வண்டி வாங்கவில்லை என்ற நிச்சயம். இந்த இலக்க முறை உலகம் முழுவதுக்கும் பொது. முதல் எழுத்து 'எம்' ஆகவும் இரண்டாவது 'ஏ' முதல் 'ஈ' வரை ஒன்றாகவும் இருந்தால் அது இந்தியாவில் செய்யப்பட்ட வண்டி. ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இதில் சேர்ப்பதே இல்லை. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்ற முன்யோசனை. ஆகையால் வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம்தான். டெலிபோனில் நம்பர் சொல்லும்போது இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

அந்த இலக்கத்தைக் கம்பெனியின் அதிகாரம் பெற்ற ஒர்க் ஷாப்பில் கொடுத்தால், அவ்வண்டிக்கு ஏதேனும் அழைப்பு நிறைவேறாமல் நிற்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சில கம்பெனிகள் தங்கள் இணையதளத்திலேயே நம்பரை இட்டுப் பார்க்க வசதி செய்திருக்கின்றன. 'சியாம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கத்தார் 2012-இல், தாங்களாக முன்வந்து வண்டிகளை அழைப்பதற்கு ஒரு விதிமுறை வகுத்துக்கொண்டார்கள். எந்தக் கம்பெனி எப்போது எதை அழைத்தது என்ற ஜாபிதாவும் அவர்களுடைய தளத்தில் இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. ஒரு காசு செலவில்லை.

இவ்வளவு சுலபமாக இருந்தால் கவலைக்கு இடமேது என்று கேட்பீர்கள். இடம் இருக்கிறது. எங்கள் எம். புதுப்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் அச்சகத்துக்கும் போகிற மோட்டார் சைக்கிள்களின் சப்தத்தில்தான் ஊர் கண் விழிக்கிறது. சாப்பாட்டுத் தூக்கு ஹேண்டில் பாரில் ஆட, ஒரு வண்டியில் இருவர், சில வேளை மூவர். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் வண்டி வாங்குகிறவர்களில் அநேகர் புதிது வாங்குவதில்லை. மதுரையிலோ விருதுநகரிலோ ஒருவர் ஓட்டிக் கழித்ததை வாங்குகிறார்கள். கம்பெனியின் அழைப்புக் கடிதம் யாருக்குப் போகும்? முதலில் வாங்கியவருடைய விலாசத்துக்கும் அவருடைய டெலிபோனுக்கும்தான். அவரோ வண்டியை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கியவர். வந்த செய்தியை ஒரு விநாடி பார்த்துவிட்டு அழித்துவிடுவார். வண்டி மூன்றாவது கை மாறி எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஓடிக்கொண்டிருக்கும். அழைப்பு மதுரையில், ஆபத்து புதுப்பட்டியில்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அப்படித்தான் ஒரு பழைய வண்டி வாங்கியிருந்தார். நான் இந்தக் கட்டுரைக்காக விஷயங்கள் சேகரித்து வருவதைக் கேட்டு, "அதையும் பார்த்துவிடலாம், சார்" என்று ஆர்.சி. புத்தகத்தை நீட்டினார். ஒர்க் ஷாப்புக்கு டெலிபோன் செய்து நம்பரை வாசித்தோம். அங்கிருந்த இளைஞர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "இதுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு, சார். மூணு தடவை மெசேஜ் போயிருக்கே, பார்க்கலையா?" என்றார். மூன்று செய்திகளும் முதல் சொந்தக்காரருக்கே போயிருந்தன. நண்பர் அடுத்த சனிக்கிழமை வண்டியைக் கொண்டுபோனார். முக்கால் மணி நேரத்தில் உறுப்பை மாற்றி, பணம் எதுவும் வாங்காமல் அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதமாக அந்த வண்டியின் பெட்ரோல் டாங்கியின் மேல் அவர் தம் சிறு பெண்ணை உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. அவரே அன்று முழுதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது முக்கியமாக ஒன்று உண்டு. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நம்மூரில் கையெழுத்திட்ட பாரங்களை வாங்கி மடித்து டாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் ஓட்டி, அதே பாரங்களோடு மூன்றாம் மனிதருக்கு விற்றுவிடுகிற வழக்கம் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் விவகாரத்தில் அது எவ்வளவு சிக்கலாகும் என்பது வேறு கதை. விற்றவர் பதினான்கு நாளுக்குள்ளும் வாங்கியவர் முப்பது நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாற்றியதும் கம்பெனியின் ஒர்க் ஷாப்பிலும் உங்கள் டெலிபோன் நம்பரைப் பதியச் சொல்லிவிட்டால், அடுத்த அழைப்பு உங்களைத் தேடி வரும்.

இனி சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1966-லேயே இதற்குச் சட்டம் செய்துவிட்டார்கள். முந்திய வருஷம் ரால்ஃப் நாடர் என்ற வக்கீல் மோட்டார் கார்களின் ஆபத்தைப் பற்றி எழுதிய புத்தகம் கிளப்பிய பரபரப்பும் அதற்கு ஒரு காரணம். நமக்கு அந்த ஞானோதயம் வர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தியபோது 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கோ, உடன் செல்கிறவருக்கோ, சாலையில் போகிற மற்றவர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறை இருந்தால், வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய சர்க்காருக்கு இப்போது அதிகாரம் உண்டு. குறிப்பிட்ட விகிதத்தில் சொந்தக்காரர்கள் புகார் கொடுத்தாலும் போதும். விதிகள் 2021 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தன. அபராதம் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. தானாகவே குறையைக் கண்டு சர்க்காருக்குத் தெரிவித்து அழைக்கும் கம்பெனிக்கு அபராதமில்லை. இது நல்ல ஏற்பாடு. ஒப்புக்கொள்கிறவனுக்கு மன்னிப்பு, மறைக்கிறவனுக்குத் தண்டனை.

ஆயினும் சட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை. செய்யப்பட்டு ஏழு வருஷத்துக்கு மேலான வண்டிகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. பணக்காரர் வீட்டு வண்டி ஏழு வருஷத்துக்குள் கைமாறிவிடும். ஏழையின் வீட்டில் அது ஆயுளைத் தொடங்குவதே ஏழாவது வருஷத்தில்தான். புகார் என்பதும் யாரோ எழுதினால்தானே புகார்? சாலைப் போக்குவரத்து மந்திரி இலாகாவின் 'பரிவாஹன்' தளத்தில் சொந்தக்காரர்கள் குறையைத் தெரிவிக்க வழி செய்திருக்கிறார்கள். நம் ஜனங்களோ மெக்கானிக் அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லிப் புலம்பிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அண்ணாச்சியின் கடையில் ஒரே உறுப்பு ஒரே மாதிரியாகப் பத்து வண்டியில் உடைந்திருந்தால் அது பத்துத் துரதிர்ஷ்டமல்ல, ஒரே குறை. ஆனால் பத்துப் பேரும் தனித்தனியே பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

விபத்துகளுக்கெல்லாம் யந்திரக் குறைதான் காரணம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 2022-ஆம் வருஷத்தில் நம் தேசத்துச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். வேகமும் அலட்சியமும் கொன்றவர்களோடு ஒப்பிட்டால் போல்ட்டும் கொண்டியும் கொன்றவர்கள் சொற்பமாகத்தான் இருப்பார்கள். ஆனால் வேகத்தைக் குறைப்பது ஓட்டுகிறவன் கையில் இருக்கிறது. போல்ட்டின் உள்ளே இருக்கும் வெடிப்பு எவ்வளவு நிதானமானவன் கண்ணுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லும்போது கேட்டுக்கொள்வது ஒன்றே அவனால் ஆகக்கூடியது.

ராயல் என்ஃபீல்டின் கதையில் சுதேசிகளாகிய நாம் பெருமைப்பட நிறைய இருக்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. நம் ராணுவத்துக்கு வேண்டியிருந்ததால், 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரோடு கூட்டாக, திருவொற்றியூரில் அதற்கு ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது. தாய்க் கம்பெனி 1970-களின் தொடக்கத்துக்குள் மூடிப்போயிற்று. திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. 1977-இல் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள்! ஆண்ட தேசத்துக்கு ஆளப்பட்ட தேசம் அதன் சொந்த வண்டியையே செய்து அனுப்பியது சாமானிய சமாசாரமா? ஆனால் பெருமை ஒரு பங்கு என்றால் பொறுப்பு இரண்டு பங்கு. 2020-இல் இக்கம்பெனியார் இங்கிலாந்து, ஐரோப்பா, கொரியா ஆகிய இடங்களில் சுமார் 15,200 வண்டிகளை அழைத்தார்கள். குளிர் காலத்தில் அங்கே சாலையில் உறைந்த பனியை இளக்க உப்புத் தூவுவது வழக்கம். அந்த உப்பு நாளடைவில் பிரேக்கைத் துருப்பிடிக்கச் செய்தது என்பது காரணம். நம் சாலைகளில் உப்புத் தூவுவதில்லை. ஆகவே இங்கே அழைக்காததில் தவறில்லை என்பது நியாயமான வாதமே.

எனினும் தூத்துக்குடி உப்பளங்களின் ஓரமாக நாள்தோறும் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர், "என் பிரேக்கையும் ஒரு தடவை பாருங்கள்" என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். ஐரோப்பியர் கேட்டுப் பெற்றதை நாமும் கேட்டுப் பெறப் பழக வேண்டும். நம் நாட்டுச் சரக்கு என்பதற்காகக் குறையைப் பொறுத்துக்கொள்வதைச் சிலர் தேசபக்தி என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

அழைப்பு வந்த வண்டி மட்டமான வண்டி, வராத வண்டி உயர்ந்த வண்டி என்று முடிவு கட்டுவதும் பிசகு. பழைய வார்ப்பிரும்பு இஞ்ஜின் புல்லட்டுகளின் காலத்தில் அழைப்பு என்ற பேச்சே கிடையாது. அதனால் அவற்றில் குறையில்லை என்று அர்த்தமா? எண்ணெய் சொட்டாத புல்லட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அதன் சொந்தக்காரர்களே வேடிக்கையாகச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்பானரும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து அவர்களே தங்கள் வண்டியை 'அழைத்து'ச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். இன்றைய வண்டிக்குள் கம்ப்யூட்டர் புகுந்துவிட்டது. திண்ணை வைத்தியம் எல்லாவற்றுக்கும் செல்லாது. அழைப்பு என்பது கம்பெனி தன் குறையைக் கண்டுபிடிக்கத் தேடுகிறது என்பதற்கும் ஓர் அத்தாட்சி. எத்தனை தடவை அழைத்தார்கள் என்பதைவிட, அழைத்த வேலையை ஒழுங்காகச் செய்து கொடுத்தார்களா என்று விசாரிப்பதே மேல்.

நம்பகம் என்பது வேறு கணக்கு. அது பத்து வருஷம் ஓடிக் காட்டுவது. அதை அறிய விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் தெருவில் அதே வண்டி வைத்திருக்கும் மூவரைக் கேளுங்கள். உதிரி உறுப்பு சாத்தூரிலோ சிவகாசியிலோ அன்றன்றே கிடைக்கிறதா, சென்னையிலிருந்து வரவேண்டுமா என்று கேளுங்கள். பழைய வண்டியானால் காலையில் இஞ்ஜின் ஆறிக் கிடக்கும்போதே போய்ப் பாருங்கள். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் வண்டியோ என்று சந்தேகப்படலாம். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். அதைத் திருப்பிவைக்கும் ஆசாமிகள் உண்டு. கால் வைக்கும் ரப்பரும் பிரேக் பெடலும் தேய்ந்த தேய்வு பொய் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். டயருக்கும் ஜாதகம் உண்டு, பாருங்கள்!

இப்போது பாட்டரி வண்டிகள் வீதிக்கு வீதி வந்துவிட்டன. ஓலா வண்டிகள் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும், டி.வி.எஸ். கம்பெனியின் வண்டிகள் ஓசூரிலும் செய்யப்படுகின்றன; நம் மாகாணத்துக்குப் புகழ்தான். ஆனால் 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டுக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஒரு மின்சார ஸ்கூட்டர் பற்றி எரிந்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனாரும் அவருடைய பதின்மூன்று வயது மகளும் இறந்துபோனார்கள். அந்த வேனிற்காலத்தில் தேசத்தில் வேறு பல வண்டிகளும் எரிந்தன. ஏப்ரலில் ஓகினாவா கம்பெனியார் 3,215 வண்டிகளையும் ஓலாவார் 1,441 வண்டிகளையும் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பின்னர் அவ்வருஷ டிசம்பர் முதல் பாட்டரிகளுக்குக் கடுமையான சோதனை விதிகள் வந்தன. அதற்கு முன் செய்த வண்டியை இப்போது மலிவாகக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், செய்த மாதத்தை அவசியம் பாருங்கள்.

மருந்தோடு வாழும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நெருப்பைப் பற்றிப் பாடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மருந்து அறைக்கு எதிரெதிரே வாசல் ஏன் வைக்கிறார்கள் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வீட்டில்கூட, வெளியே போக ஒரே வழியாக உள்ள நடையில், மாடிப்படியின் அடியில், ராத்திரி முழுவதும் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதைப் பார்க்கிறேன். முற்றத்திலோ வெளித் தாழ்வாரத்திலோ, விழித்திருக்கும் நேரத்தில் போடலாமே!

வேகம் குறைந்த சில சிறு பாட்டரி வண்டிகளுக்குப் பதிவே தேவையில்லை. அவற்றுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, ஆகவே சர்க்கார் ஏட்டில் உங்கள் பெயரும் கிடையாது. அப்படிப்பட்டதை வாங்கினால் பில்லையும் சேஸிஸ் நம்பரையும் பாட்டரியின் மேல் ஒட்டியுள்ள நம்பரையும் ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போனாலும் அந்த நம்பர்கள் உங்களிடம் இருக்கும்.

தலைக்கவசத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை அசலா, போலியா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று சாத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த வாரம் பதில் எழுதுகிறேன்.